நாடகம் படிக்கலாமா? வடசென்னை வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் மாலையில் நாடகப் பயிற்சி நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாம் காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், பிள்ளைகளோடு பெற்றோரும் படியேறி வந்துவிடுவார்கள். "இதைக் கல்லூரியில் படிக்க முடியுமாமே, உண்மையா?" என்று தொடங்கும் பேச்சு, "கடைசியில் சோறு போடுமா?" என்று வந்து நிற்கும். பயிற்சிக்கு நடுவில் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டுப் புதுச்சேரியில் நாடகம் படித்தேன். என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். கீழே வரும் பதில்களில் பாதி வகுப்பில் கற்றது. மீதி அம்மாவிடம் கற்றது.

நாடகம் என்று ஒரு பட்டப்படிப்பு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. "நிகழ்கலை" அல்லது "அரங்கக்கலை" என்ற பெயரில் தேடுங்கள். முதுகலைப் பட்டத்தின் பெயர் எம்.பி.ஏ. (மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்). தமிழில் எழுதினால் வணிக மேலாண்மைப் படிப்பும் இதுவும் ஒரே மாதிரி இருக்கும். நான் புதுச்சேரிக்குப் போன புதிதில் "மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள்" என்று அம்மா தெருவில் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் எல்லாம் வங்கி வேலைக்குப் போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. இரண்டாம் ஆண்டில் என் நாடகத்தைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தார். பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து "நாடகம் படிக்கிறாள்" என்று வாய் நிறையச் சொன்னார்.

பிளஸ் டூ முடித்ததும் நேரே சேரலாமா?

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லும் வழி இது: முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டம். அந்த மூன்று ஆண்டும் விடாமல் நாடகம். அதன்பிறகு நாடகத்தில் முதுகலை.

காரணம் இருக்கிறது. நாடகத்துக்கான நல்ல இடங்களில் பெரும்பாலானவை பட்டதாரிகளைத்தான் எடுக்கின்றன. நாட்டின் பெரிய நாடகப் பள்ளிக்கே பட்டமும் மேடை அனுபவமும் சேர்ந்து வேண்டும். இன்னொன்று, பதினேழு வயதில் ஒருவருக்கு எதில் பிடிப்பு என்பது முழுதாகத் தெரிவதில்லை. மூன்று ஆண்டு ஒத்திகை பார்த்த பிறகும் ஆசை தணியவில்லை என்றால் அந்த ஆசையை நம்பலாம். கையில் ஒரு பட்டம் இருந்தால் அரசுத் தேர்வு எழுதுகிற வாய்ப்பும் திறந்தே இருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் மூச்சு வரும்.

வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி. எல்லாம் நடந்தோ ஒரு பஸ் ஏறியோ போகிற தூரம். போக்குவரத்தில் மிச்சமாகும் நேரத்தை ஒத்திகைக்குக் கொடுங்கள்.

இளங்கலையில் எந்தப் பாடம் எடுக்கலாம்?

தமிழ் இலக்கியம், வரலாறு, ஆங்கில இலக்கியம் மூன்றும் நேரடியாக உதவும். இயற்பியல் பிடித்தால் அதையே படியுங்கள். மேடை விளக்கமைப்புக்கு வருகிறவர்களில் மின்சாரம் தெரிந்தவர்களுக்கு எப்போதும் மரியாதை உண்டு.

எங்கெங்கே படிக்கலாம்?

பக்கத்தில் இருப்பது புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். அங்குள்ள நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். சிறுவர்களே நடித்த 'பாய்ஸ் கம்பெனி' நாடகக் குழுக்களின் பையன்களுக்கு ஊர் ஊராக நாடகம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகத் துறை இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அந்தப் பள்ளியைத் தொடக்கத்தில் தலைமையேற்று நடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. பல்கலைக்கழகம் காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து போகும்போது ஊருக்குள் நுழையும் முன்பே வந்துவிடும். கடல் தெரியும். காசிமேட்டிலிருந்து போன எனக்கு முதல் வாரத்து ஏக்கத்தை ஆற்றியது அந்தக் கடல்தான்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. பேராசிரியர் சே. இராமானுஜம் பணியாற்றிய துறை. தமிழ் நாடக மரபை ஆராய விரும்புகிறவர்களுக்கு அதுவே சரியான இடம்.

புதுதில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு மிகச் சிலரையே எடுப்பார்கள். எடுத்தவர்களுக்கு உதவித்தொகையும் கொடுப்பார்கள். அதன் பெங்களூரு மையத்தில் ஓராண்டு நடிப்புப் பயிற்சி நடக்கிறது. தில்லி தூரம் என்று தயங்குகிறவர்கள் இதைப் பாருங்கள். திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. இளங்கலையிலேயே சேரலாம், மலையாளம் பழக வேண்டும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரங்கக்கலைத் துறை உண்டு. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்கிற சின்னக் கிராமத்தில் நீநாசம் என்ற அமைப்பு ஓராண்டுப் பயிற்சி தருகிறது. கன்னடம் வேண்டும். கிராமத்துக்கு நடுவில் அப்படியொரு அரங்கத்தை எழுப்பிக் காட்டியிருப்பதை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

நுழைவுத் தேர்வு எப்படி இருக்கும்?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பரதரின் நாட்டிய சாஸ்திரம், கிரேக்க நாடகம், ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், நம் நாட்டு மரபு அரங்குகள் ஆகியவற்றைப் பற்றி அடிப்படையாவது தெரிந்திருப்பது நல்லது.

தேசிய நாடகப் பள்ளியின் முறை வேறு. பட்டத்தோடு, குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும். முதல் சுற்றில் தேறினால் தில்லிக்கு அழைத்துச் சில நாட்கள் பட்டறை மாதிரி நடத்திப் பார்ப்பார்கள். பாடச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள், கையில் ஒரு நாற்காலியைக் கொடுத்து ஏதாவது செய் என்பார்கள். இந்தி ஓரளவு புரிய வேண்டும். சௌகார்பேட்டைக் கடைகளில் பகுதிநேர வேலை பார்த்த பையன்களுக்கு அங்கே காதில் விழுந்த இந்தியே தொடங்குவதற்குப் போதும்.

நடித்துக் காட்ட ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, சினிமா வசனத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தேர்வாளர்களுக்கு அந்த நடிகரின் முகம்தான் நினைவுக்கு வரும். உங்கள் முகம் மறைந்துவிடும். உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த ஒருவரை, அவர் நிற்கிற மாதிரி நின்று, அவர் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுங்கள்.

ஆறு நாடகங்களுக்கு நான் எங்கே போவது?

இதைத்தான் முதலாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்கிறேன். கல்லூரி ஆண்டு விழா நாடகம் ஒன்று, கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்று என்று எண்ணிக்கை சீக்கிரம் வளரும். பள்ளிக் கல்வித்துறை 2022-இலிருந்து நடத்தும் கலைத் திருவிழாவில் மேடையேறிய பிள்ளைகள் அந்தச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

வெளியே வந்தால் சென்னையின் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியையும் நவீன நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இடம். 1984-இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வீதி நாடகத்துக்குப் பெயர்பெற்றது. அ. மங்கையின் மரப்பாச்சி, பெண்களின் பாடுகளை மேடைக்குக் கொண்டுவந்த குழு. குழுக்களில் சேர்ந்ததும் முக்கிய வேடம் கிடைக்காது. நாற்காலி தூக்குங்கள், தேநீர் வாங்கி வாருங்கள், பின்னணியில் நில்லுங்கள். அதுவும் பங்கேற்புதான்.

ஒரு வேண்டுகோள். நாடக அழைப்பிதழ், உங்கள் பெயர் அச்சாகியிருக்கும் நிகழ்ச்சித் தாள், இரண்டு புகைப்படம், இயக்குநரின் கையெழுத்திட்ட ஒரு கடிதம் என்று ஒவ்வொரு நாடகம் முடிந்த மறுநாளே வாங்கி ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துத் தேடினால் குழு கலைந்திருக்கும், புகைப்படம் பழைய கைபேசியோடு போயிருக்கும். அருமையாக நடிக்கிற ஒரு பையன் விண்ணப்பம் போட முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு நாடகம் செய்தவன்தான். ஒன்றுக்கும் காகிதம் இல்லை.

வகுப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? நடிப்பைச் சொல்லித்தர முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் சில வாரங்களுக்கு வசனமே கிடையாது. நடக்க வேண்டும். வெறும் தரையில், வெறும் காலோடு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை. பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையில் படுகிறது, தோள் எதற்காக முன்னால் குனிகிறது, பிறர் பார்க்கும்போது மட்டும் கை ஏன் விறைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கச் சொல்வார்கள். இருபது ஆண்டு நடந்த கால்தான், ஆனால் அன்றைக்குத்தான் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்புறம் மூச்சு. மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு குரல். கடைசி வரிசைச் சுவரைத் தொடும்படி ஒரு சொல்லை அனுப்பு என்றார் ஆசிரியர். நான் கத்தினேன். இரண்டு நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். விடியற்காலை ஏலத்தில், படகு இயந்திரச் சத்தத்துக்கும் நூறு பேர் இரைச்சலுக்கும் நடுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். அவர் கழுத்து நரம்பு புடைக்காது. கால்களை அகட்டி ஊன்றியிருப்பார். கூடை இடுப்பில் இருக்கும். கூவுவதற்கு முன்னால் வாய் வழியே ஒரு சின்ன மூச்சு. அடுத்த கணம் வயிறு உள்ளே போகும், சொல் வெளியே வரும். அப்படியே நின்று கூவினேன். சுவர் வரை போனது. "இதை எங்கே கற்றாய்?" என்று ஆசிரியர் கேட்டார். சொன்னேன். மறுநாள் வகுப்பில் எல்லோரையும் இடுப்பில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டார்.

ஏட்டுப் பாடமும் உண்டு. அதுவும் கையால் செய்கிற மாதிரிதான் இருக்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மேடைக்கு அளவு சொல்கிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல். எங்கள் வகுப்பில் உயரமான ஒருவனுடைய பெருவிரலின் அகலத்தை இருபத்து நான்கு முறை மூங்கிலில் குறித்து வெட்டினோம். கிட்டத்தட்ட இரண்டடி வந்தது. அதை வைத்துத் தரையில் கோடு போட்டால் 14 அடிக்கு 16 அடி. நான்கு பேர் தாராளமாக ஆடலாம். பார்க்கிறவருக்கு விரல் அசைவும் தெரியும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரையையும் அந்தக் காதை சொல்கிறது. இன்றைக்கு எங்கள் மொட்டைமாடியிலும் அதே அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழை பெய்தால் அழியும்; அடுத்த ஞாயிறு பிள்ளைகளே அளந்து போடுவார்கள்.

இவற்றோடு ஒப்பனை, உடை, காட்சியமைப்பு, ஒளியமைப்பு, இயக்கம், நாடக வரலாறு எல்லாம் வரும். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு நாடகத்தைச் சொந்தமாக இயக்க வேண்டும். தூக்கம் போகும் காலம் அது.

நடிப்பைச் சொல்லித்தர முடியுமா என்றால், உடம்பையும் குரலையும் கவனத்தையும் பழக்க முடியும். மிச்சம், நீங்கள் மனிதர்களை எவ்வளவு பார்த்திருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

என் பேச்சு வடசென்னைப் பேச்சு. மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கல்லூரிக் காலத்தில் ஒரு நாடகத் தேர்வுக்குப் போனேன். நான் இரண்டு வாக்கியம் பேசியதும் "வேலைக்காரி பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். என் நடிப்பை அவர் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு நடிகருக்கு மூன்று நான்கு விதமான தமிழ் கைவசம் இருக்க வேண்டும். செய்யுளைத் தெளிவாகச் சொல்ல ல, ள, ழ உச்சரிப்பு சுத்தமாக வேண்டும். பழகினால் ஆறு மாதத்தில் வந்துவிடும். மதுரைக்காரராகவோ கோவைக்காரராகவோ நடிக்க அந்த ஊர்ப் பேச்சு வேண்டும். அதையும் கற்கலாம். ஆனால் இவற்றையெல்லாம் கற்பது கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்கு. வீட்டில் பேசுகிற தமிழைத் துடைத்தெறிய அல்ல. கோபமோ அழுகையோ உண்மையாக வரும்போது நாக்கு தேடிப் போவது அந்தத் தமிழைத்தான். அதை இழந்த நடிகருக்கு உணர்ச்சி வரும்போது குரல் வராது.

தெருக்கூத்தும் கானாவும் இந்தப் படிப்பில் சேருமா?

தெருக்கூத்து பாடத்திலேயே உண்டு. வகுப்பில் படிப்பதற்கு முன்பு ஒருமுறையாவது விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். இறந்தவருக்கான பதினாறாம் நாள் காரியத்தில் கர்ண மோட்சம் வைக்கிற வழக்கமும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. செய்யாறு அருகே புரிசை கிராமம் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் குடும்பத்தால் உலகறிந்த ஊரானது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தேன். இலேசான மரம் என்பார்கள். பத்து நிமிடத்தில் தோள் இற்றுவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு விடியும்வரை பாடி ஆடுகிறவர்களைக் "கூத்தாடி" என்று ஏளனமாகச் சொல்லும் வாய் எனக்கு அன்றோடு அடைத்துப்போனது.

கானா தனிப் பாடமாக வராது. ஆனால் சாவு வீட்டில் இரவு முழுக்க அமர்ந்து, இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டுகிறவரிடம் இருக்கும் சமயோசிதம், நாடகக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்து பெற முயல்வது. பாடத் தெரிந்தவர்கள் தயங்காமல் வகுப்பில் பாடுங்கள்.

நாடகத்துக்குப் போனால் குடும்ப கௌரவம் போய்விடும் என்கிறார் என் அப்பா. என்ன சொல்வது?

அப்பாவைச் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகைக்கு அருகிலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு அழைத்துப் போங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம் அது. அவர் வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. படித்தவர்கள் மேடையேறுவது இழிவு என்று இருந்த காலத்தில் வழக்கறிஞர்களையும் அலுவலர்களையும் அரிதாரம் பூச வைத்தார். 1959-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

அங்கிருந்து வால்டாக்ஸ் சாலை பக்கம்தான். ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்த சாலை. சென்னையில் நாடகம் என்றதும் இன்று தெற்கே இருக்கும் சபாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் தமிழ் நாடகத்தின் பெரிய கம்பெனிகள் வந்து இறங்கிய இடம் நம் பக்கம்தான். நீங்கள் நாடகம் படிக்கப் போனால், இந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்த ஒன்றைத் திரும்ப எடுக்கிறீர்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

பல்கலைக்கழகத்தில் விடுதி இருக்கிறது. பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வெளியே இயங்கும் சிறு குழுக்களில் அப்படி ஒரு ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. நாடகப் பயிற்சியில் ஒருவர் தோளை ஒருவர் தொடுவது, தாங்குவது எல்லாம் உண்டு. எதற்காக என்று நல்ல ஆசிரியர் முன்கூட்டியே சொல்வார், வேண்டாம் என்றால் நிறுத்துவார். "நடிகைக்குக் கூச்சமே இருக்கக் கூடாது" என்று சொல்லி வற்புறுத்துகிறவரிடமிருந்து உடனே விலகிவிட வேண்டும். ஒரு குழுவில் அந்த வாக்கியத்தைக் கேட்ட அன்றே நான் வெளியேறினேன். எடுத்த வேடம் போனதில் வருத்தம் இருந்தது. முடிவில் தவறு இல்லை.

இரவு திரும்புவதைப் பற்றிய பயம் முன்பு நியாயமாக இருந்தது. 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகம் பார்த்துவிட்டு எங்கள் பெண்கள் கூட்டமாக ரயிலிலேயே வீடு வந்துவிடுகிறார்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

அரசு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் கல்லூரி அளவுக்கு இருக்காது. இளங்கலைக் காலத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் முன்பே எடுத்து வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மத்திய பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. வயது 18 முதல் 25 வரை. நாடகமும் அதில் வரும். ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ சில ஆண்டுகள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்பு சொன்ன கோப்பு இதற்கும் கைகொடுக்கும்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

பொறியியல் கல்லூரி மாதிரி வளாகத் தேர்வு நடத்தி யாரும் அழைத்துப் போக மாட்டார்கள். இதை ஒளித்துவைத்து உங்களைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

என் வாரத்தைச் சொல்கிறேன். மூன்று நாள் இரண்டு பள்ளிகளில் நாடக வகுப்பு. ஒரு நாள் தொண்டு நிறுவனத்துக்காகக் குடிசைப் பகுதிகளில் விழிப்புணர்வு நாடகம். குரல் பதிவு வந்தால் போவேன். எல்லாம் சேர்ந்து வாடகையும் வீட்டுச் செலவும் நடக்கிறது. ஆனால் மாதாமாதம் ஒரே தொகை வராது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மூடியிருக்கும். வருமானமும் அதோடு மூடும். அதற்கு முன்பே சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டேன்.

நிலையான வேலை வேண்டுமென்றால் ஆசிரியப் பணிக்குப் போகலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) நிகழ்கலை ஒரு பாடம். அதில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாயுடன் ஆய்வு செய்யலாம். என்னோடு படித்தவர்களில் நன்றாக நிலைத்தவர்கள் இந்த வழியில் போனவர்களும், மேடை விளக்கு கற்றவர்களும்தான். வானொலி நிலையம் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துப் பட்டியல் போடும், அதையும் விடாதீர்கள். நாட்டுப்புறக் கலைகளில் இறங்குகிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சினிமாவுக்குப் போக இது குறுக்கு வழியா?

இல்லை. மேடையிலிருந்து திரைக்குப் போய்ப் பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பசுபதி கூத்துப்பட்டறையிலிருந்து போனவர். ஆனால் சினிமாவுக்காகவே நாடகம் படிப்பவர் ஆறே மாதத்தில் சலித்துப் போவார்.

மூன்று மாதத்தில் நடிகராக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்களே?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். என்னிடம் வரும் ஒரு பையனுடைய அக்கா நகையை அடகு வைத்து அப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினார். கிடைத்தது ஒரு புகைப்பட ஆல்பம்.

எனக்கு மேடையேறக் கூச்சம். ஆனால் நாடகம் பிடிக்கும்.

நாடகத்துக்கு உங்களைப் போன்றவர்கள்தான் நிறையத் தேவை. விளக்கு, ஒலி, தையல், தச்சு, மேடை நிர்வாகம். எங்கள் குழுவில் விளக்குப் பார்க்கிற பையன் ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் படிப்பு முடித்தவன். ஒரு நாடகத்தில் இறந்த தகப்பனின் நாற்காலி மீது கடைசியாக மிஞ்சும் வெளிச்சத்தை அணைக்க அவன் ஒன்பது நொடி எடுத்துக்கொள்வான். அந்த ஒன்பது நொடியில்தான் எதிரே இருப்பவர்கள் அழுவார்கள். அவன் பெயர் அழைப்பிதழில் நடிகர்களுக்குச் சமமான எழுத்தில் வரும்.

எனக்கு இருபத்தேழு வயது, வேலைக்குப் போகிறேன். தாமதமாகிவிட்டதா?

தேசிய நாடகப் பள்ளிக்கு முப்பது வயது வரை விண்ணப்பிக்கலாம். வேலையை விடாமல் மாலை நேரத்தில் ஒரு குழுவில் சேர்ந்து ஓராண்டு பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

முதல் நாள் வகுப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

தளர்வான பருத்திக் கால்சட்டை, வியர்வை துடைக்க ஒரு துண்டு, தண்ணீர், கோடு போடாத நோட்டு. நகத்தை வெட்டிவிடுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் கீறும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய்த் தரையைப் பெருக்குங்கள். அதில்தான் அன்று முழுக்க உருளப்போகிறீர்கள்.